சரக்கு ராக்கெட் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்லாண்டோவுக்குச் சுற்றுலா வரும் உறவுக்காரர்களும் நண்பர்களும், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றியது. மிக்கி மவுஸைப் பார்க்க வந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில் கென்னடி விண்வெளி மையமும் கேப் கனாவெரலும் இருக்கின்றன என்பது பலருக்கு ஊருக்குத் திரும்பும் நாளில்தான் ஞாபகம் வரும். இங்கிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பால்கன் 9 ராக்கெட்டைப் பற்றியே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன்.

ஆள் போகும் ராக்கெட் இருக்கும்போது சரக்கு ராக்கெட்டைப் போய் ஏன் பார்க்க வேண்டும்?

முதல் காரணம் கூட்டம். விண்வெளி வீரர்கள் போகும் நாளில் ஆற்றங்கரை முழுக்கக் கார்கள் நிற்கும். திரும்பி வருவதற்குள் பாதி நாள் போய்விடும். சரக்கு என்றால் உள்ளூர்க்காரர்கள் பலர் வீட்டு வாசலில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். புளோரிடாவிலிருந்து 2024-ல் மட்டும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் கிளம்பின. அதில் பாதிக்கு மேல் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஏற்றியவை. அவற்றின் பூஸ்டர், அதாவது ராக்கெட்டின் பெரிய கீழ்ப்பாகம், பல நூறு கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக் கடலில் நிற்கும் ஆளில்லாக் கப்பலில் போய் இறங்கும். கரையில் நிற்கும் நமக்கு அதில் ஒன்றும் தெரியாது. நிலையத்துக்குப் போகும் சரக்கு ராக்கெட்டுகள் பலவற்றில் அந்தப் பூஸ்டர் கிளம்பிய கரைக்கே திரும்பி வந்து, கால்களை விரித்துத் தரையில் நிற்கும். புறப்பாட்டை மட்டும் பார்த்துவிட்டுக் காருக்கு ஓடுகிறவர்கள் பாதிப் படத்தில் எழுந்து போகிறவர்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

எல்லா முறையும் அப்படித் திரும்பும் என்று நினைத்துவிடாதீர்கள். சரக்கின் எடையும் பாதையும் பூஸ்டரில் எவ்வளவு எரிபொருள் மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கின்றன. பால்கன் 9 நிலையத்துக்கு ஏற்றிப்போகும் சரக்குக்கலத்துக்கு டிராகன் என்று பெயர். 2021, 2022 ஆண்டுகளில் போன சரக்கு டிராகன்களின் பூஸ்டர்கள் எல்லாம் கப்பலில்தான் இறங்கின. 2023 நவம்பரில் போன 29-ஆவது சரக்குப் பயணத்தில் கரையிறக்கம் திரும்பவும் வந்தது. ஆகவே அறிவிப்பைப் படிக்கும்போது தேதியைப் பார்த்த கையோடு பூஸ்டர் எங்கே இறங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி என்ன சரக்கு போகிறது?

சாப்பாடு, துணிமணி, ஆக்சிஜன், நைட்ரஜன், உதிரிபாகங்கள், ஆராய்ச்சிப் பெட்டிகள், சில தடவை உயிருள்ள எலிகள். ஒரு டிராகனில் மூன்று டன்னை ஒட்டி ஏற்றுவார்கள். 2000 நவம்பர் 2 முதல் அந்த நிலையத்தில் ஆள் இல்லாத நாளே கிடையாது. மளிகை போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

எலி என்றதும் ஒரு விஷயம். 2018 டிசம்பர் 4 அன்று போக வேண்டிய டிராகன் ஒரு நாள் தள்ளிப்போனது. மழையும் இல்லை, இன்ஜின் கோளாறும் இல்லை. உள்ளே போகவிருந்த எலிகளின் உணவுக் கட்டிகளில் பூஞ்சை பிடித்திருந்தது.

சுனிதா வில்லியம்ஸ் விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். 2024 ஜூனில் ஸ்டார்லைனர் விண்கலத்தில் போனபோது, நிலையத்தின் சிறுநீர் மறுசுழற்சிக் கருவிக்கான பாகத்துக்கு இடம் வேண்டும் என்று அவருடைய பெட்டியையும் கூடப்போன வீரர் புட்ச் வில்மோரின் பெட்டியையும் இறக்கிவிட்டுத்தான் அனுப்பினார்கள். சில நாள் பயணம்தானே என்ற நினைப்பு. அது மாதக்கணக்கில் நீண்டது. அவர்களுக்கு மாற்றுத்துணி கொண்டுபோனது அந்த ஆகஸ்ட் 4 அன்று கிளம்பிய சிக்னஸ் என்ற சரக்குக்கலம்.

மணி எத்தனை என்று சரியாகச் சொல்வார்களா? பத்து நிமிடம் தாமதமானால்?

பத்து நிமிடம் தாமதம் என்பதே இதில் கிடையாது. சொன்ன வினாடியில் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு இல்லை.

காரணம் இதுதான். விண்வெளி நிலையம் நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்ந்த பாதையில், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறது. பூமி தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்க, அந்தப் பாதையின் தளம் கேப் கனாவெரலுக்கு மேலே வரும் நேரத்தில் ராக்கெட் கிளம்பினால் எரிபொருள் விரயமில்லாமல் அதே தளத்தில் போய்ச் சேரலாம். கொஞ்சம் தள்ளிக் கிளம்பினால் வானத்தில் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அதற்கு ஆகும் எரிபொருள் கொஞ்சநஞ்சமல்ல. கூடவே பால்கன் 9-க்குத் தனியாக ஒரு பிடிவாதம் உண்டு. திரவ ஆக்சிஜனை மிகவும் குளிரவைத்துக் கடைசி முப்பத்தைந்து நிமிடத்தில்தான் நிரப்புவார்கள். நிரப்பிவிட்டுக் காத்திருந்தால் அது சூடேறிவிடும்.

இன்னொன்று. ஒரு நாள் தள்ளிப்போனால் மறுநாள் அதே மணிக்குப் போய் நிற்காதீர்கள். நிலையத்தின் பாதைத் தளமும் மெல்ல மேற்கே திரும்பிக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு நாளும் இருபத்து சொச்சம் நிமிடம் முன்னதாகவே அந்த நேரம் வரும். மேலே சொன்ன எலிச்சாப்பாட்டுப் பயணத்தில் முதலில் குறித்தது மதியம் 1.38, மறுநாள் கிளம்பியது 1.16-க்கு.

தள்ளிப்போக எவ்வளவு வாய்ப்பு?

தாராளமாக. விமான டிக்கெட்டை ராக்கெட் தேதிக்குப் பொருத்திப் போடாதீர்கள். ஆர்லாண்டோவில் ஒரு வாரம் இருக்கும்போது ராக்கெட் ஒன்று வந்து வாய்த்தால் பாருங்கள். அதற்காகவே வருவதானால் குறித்த நாளுக்குப் பிறகு மூன்று நாளாவது கையில் இருக்கட்டும்.

வானிலைதான் முதல் எதிரி. கோடையில் புளோரிடாவின் மதிய இடிமழை கடிகாரம் வைத்த மாதிரி வரும். மேகம் இடி இடிக்காமல் சும்மா நின்றால்கூட அனுமதிக்க மாட்டார்கள். ராக்கெட்டும் அதன் புகைவாலும் சேர்ந்து மின்னலைத் தாங்களாகவே வரவழைத்துவிடும். 1969 நவம்பர் 14 அன்று அப்பல்லோ 12 கிளம்பிய முதல் நிமிடத்துக்குள்ளேயே இரண்டு முறை மின்னல் தாக்கியது. 1987-ல் ஓர் அட்லஸ் ராக்கெட் மின்னலால் அழிந்தே போனது. இன்றைய மேக விதிகள் எல்லாம் அந்தப் பட்டறிவில் எழுதியவை. தரையில் நல்ல வெயில் அடிக்கும்போது நிறுத்திவிட்டார்கள் என்றால் மேல்வானக் காற்று பலமாக இருந்திருக்கும்.

அப்புறம் படகுகள். ராக்கெட் போகும் வழியில் கடலில் ஒரு தடைப் பகுதி அறிவிப்பார்கள். மீன் பிடிக்கப் போனவர் யாராவது உள்ளே புகுந்துவிட்டால் தீர்ந்தது. 2022 ஜனவரியில் பல ஆயிரம் பேர் பயணம் செய்யும் சொகுசுக்கப்பல் ஒன்றே உள்ளே போய், ஒரு செயற்கைக்கோள் ஏவுதல் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

எங்கே நின்று பார்ப்பது?

எந்த ஏவுதளம் என்று முதலில் பாருங்கள். டிராகனும் சிக்னஸும் 39ஏ தளத்திலிருந்தும் போயிருக்கின்றன, 40-ஆம் தளத்திலிருந்தும் போயிருக்கின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் டிராகன் இரண்டிலிருந்தும் போயிருக்கிறது, புளோரிடாவிலிருந்து பால்கனில் ஏறிய சிக்னஸ் 40-லிருந்து. 39ஏ வடக்கே, 40 அதற்குத் தெற்கே.

காசு செலவில்லாமல் பார்க்க டைட்டஸ்வில் ஊர் போதும். இந்தியன் ஆற்றின் மேற்குக் கரை முழுக்கப் பூங்காவும் புல்தரையும்தான். ஸ்பேஸ் வியூ பூங்காவும் மேக்ஸ் பிரூவர் பாலமும் பேர் போனவை. பாலத்தின் மேல் நின்றால் 39ஏ நேர் எதிரே ஏறக்குறைய 19 கிலோமீட்டர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் சதுரமாகத் தெரியும் ராட்சதக் கட்டடம் அப்பல்லோ காலத்தில் ராக்கெட் கோக்கக் கட்டியது. அதை அடையாளம் வைத்துக்கொண்டு தளத்தைத் தேடலாம்.

பொதுமக்கள் போகக்கூடிய இடங்களில் 39ஏ-க்கு மிக அருகில் இருப்பது பிளேயாலிண்டா கடற்கரை. ஆனால் அது தேசியப் பூங்கா. நுழைவுக் கட்டணம் உண்டு, மாலையில் மூடிவிடுவார்கள், சில ஏவுதல்களுக்கு விடவே மாட்டார்கள். இரவு ராக்கெட்டுக்கு உதவாது. கென்னடி மையத்தின் பார்வையாளர் வளாகம் சில ஏவுதல்களுக்கு உள்ளே பேருந்தில் கூட்டிப்போய் 39ஏ-யிலிருந்து சுமார் 6 கிலோமீட்டரில் உட்காரவைக்கும். டிக்கெட் விலை கொஞ்சம் கடிக்கும்தான். குழந்தைகளோடு வந்தால், கழிவறையும் சாப்பாடும் நிழலும் இருக்கிற இடம் என்பதால் நான் அதைத்தான் சொல்வேன்.

பூஸ்டர் இறங்குவதைப் பார்க்கவே வருவதானால் தெற்கே போர்ட் கனாவெரலை ஒட்டிய ஜெட்டி பார்க், அல்லது கோக்கோ பீச். பல வருடங்களாகப் பூஸ்டர்கள் இறங்கிய தளங்கள் கேப் கனாவெரலின் தெற்குப் பாதியில்தான் இருந்தன. பிறகு ஏவுதளங்களை ஒட்டியே புது இறங்குதளம் அமைக்கத் தொடங்கினார்கள். அன்றைக்கு எந்தத் தளம் என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

ஆர்லாண்டோவிலேயே நின்றால்? தெரியும். கிழக்கு அடிவானத்தில் மரங்களுக்கு மேலே நெருப்புப் பொட்டு ஏறுவதைப் பார்க்கலாம். சத்தம் கிடைக்காது, பூஸ்டர் திரும்பும் நாளில் வெடியோசை மட்டும் சில சமயம் அவ்வளவு தூரமும் வந்து ஜன்னலை அதிரவைக்கும்.

கிளம்பியதும் என்னென்ன தெரியும்? வரிசையாகச் சொல்லுங்களேன்.

முதலில் வெளிச்சம் மட்டும். 70 மீட்டர் உயரமும் ஐந்நூறு டன்னுக்கு மேல் எடையும் உள்ள ஒன்று சத்தமே இல்லாமல் எழும்பும். முதல் முறை பார்ப்பவர்கள் இந்த நேரத்தில் 'சத்தம் வரலையே' என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று வினாடி எடுக்கும். டைட்டஸ்வில்லில் நிற்கும் உங்களுக்கு அது வந்து சேர ஒரு நிமிடம் பிடிக்கும். அதற்குள் ராக்கெட் ஒலியின் வேகத்தையே எட்டியிருக்கும். முதலில் தூரத்து இடி மாதிரி உருண்டு வந்து, பிறகு படபடவென்று வெடிக்கும் சத்தமாக மாறும். காதைவிட நெஞ்சில்தான் அதிகம் உணர்வீர்கள்.

ராக்கெட் வடகிழக்கே, அமெரிக்கக் கரையை ஒட்டியே சாயும். இரண்டரை நிமிட வாக்கில் பூஸ்டரின் ஒன்பது இன்ஜின்களும் அணையும். நெருப்பு சட்டென்று மறையும். அங்கேதான் கூட்டம் கைதட்டிவிட்டுக் கிளம்பத் தொடங்கும். நீங்கள் நில்லுங்கள். சில வினாடியில் இரண்டாவது அடுக்கின் ஒற்றை இன்ஜின் பற்றும். அது சின்ன நட்சத்திரமாகத் தொலைவில் போய்க்கொண்டே இருக்கும். அதற்குக் கொஞ்சம் பின்னால், இரவு வானம் தெளிவாக இருந்தால், பூஸ்டர் தலையைத் திருப்பிக்கொள்ள விடும் வாயுப் பீச்சல்கள் வெள்ளைப் புகையாகத் தெரியும். பிறகு மூன்று இன்ஜின்களை மூட்டி, போன வழியே திரும்பும். இரண்டு நெருப்பின் புகையும் ஒன்றோடொன்று மோதிப் பரவும் அந்த அரை நிமிடம்தான் என்னைப் பொறுத்தவரை மொத்தத்திலும் அழகானது. எந்த நேரடி ஒளிபரப்பிலும் அது சரியாக வருவதில்லை.

பிறகு சில நிமிடம் இருட்டு. ஆறு நிமிடத்தைத் தாண்டியதும் தலைக்கு மேலே உயரத்தில் திடீரென்று நெருப்பு பற்றும். காற்று மண்டலத்தில் நுழையும்போது வேகத்தைக் குறைக்க ஒரு எரிப்பு அது. அணையும். ஏழரை நிமிட வாக்கில் கடைசி எரிப்பு. விழுகிற வேகத்தைப் பார்த்தால் இது எங்கே நிற்கப்போகிறது என்றுதான் தோன்றும். நெருப்பு மரக்கூட்டத்துக்குப் பின்னால் இறங்கி மறையும். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது டும் டும் என்று வெடியோசை வந்து அறையும். ஒலியை மிஞ்சிய வேகத்தில் வந்ததன் அதிர்வு அது. வெளிச்சத்துக்குப் பின்னால்தான் வந்து சேரும். சொல்லி வைக்காவிட்டால் குழந்தைகள் பயந்து அழும்.

திரும்பி வரும்போது தவறி ஊருக்குள் விழுந்தால்?

நியாயமான கேள்வி. பூஸ்டர் கடைசிக் கட்டம் வரை கரையைக் குறி வைப்பதே இல்லை. கரைக்கு வெளியே தண்ணீரைக் குறிவைத்துத்தான் விழும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே கடைசியில் தளத்தின் பக்கம் நகரும். 2018-ன் அந்த எலிப் பயணத்தில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். திசை திருப்பும் துடுப்புகளுக்கான பம்பு நின்றுபோனதால் பூஸ்டர் பம்பரமாகச் சுற்றியபடி வந்தது. தரைப்பக்கம் வராமல் கரையோரக் கடலில் மெதுவாக இறங்கிச் சாய்ந்தது. யாருக்கும் காயமில்லை.

புறப்பாட்டிலும் விபத்து நடந்திருக்கிறது. 2014 அக்டோபர் 28 அன்று வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவில் சிக்னஸை ஏற்றிய அன்டாரெஸ் ராக்கெட் கிளம்பிய சில வினாடிகளிலேயே வெடித்துத் தளத்தை ஒட்டியே விழுந்தது. முந்தைய நாள் ஒரு படகு குறுக்கே வந்ததால் நிறுத்தியிருந்தார்கள்! 2015 ஜூன் 28 அன்று ஏழாவது சரக்கு டிராகனை ஏற்றிய பால்கன் 9, கிளம்பி 139 வினாடியில் வானத்தில் சிதறியது. இரண்டிலும் ஆள் இல்லை, பார்வையாளர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. 6 கிலோமீட்டர், 19 கிலோமீட்டர் என்று தள்ளி நிறுத்துவது அதற்காகத்தான்.

பகலில் நல்லதா, இரவில் நல்லதா?

இரவு. அதைவிட நல்லது சூரியன் மறைந்த பிறகோ உதிப்பதற்கு முன்போ அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை. தரை இருட்டாக இருக்கும். மேலே போன புகையின் மேல் இன்னும் வெயில் படும். வானத்தில் ஒரு பெரிய ஜெல்லி மீன் விரிந்த மாதிரி நீலமும் வெள்ளையுமாக நிற்கும். அந்த நாட்களில் வட கரோலினா, வர்ஜீனியா என்று வடக்கே வெகுதூரம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். பகலில் என்றால் ராக்கெட்டின் உடல் தெரியும், புகை தெரியும். பூஸ்டர் திரும்புவதைப் பிடிக்க மட்டும் பைனாகுலர் வேண்டும்.

போனில் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், வெறும் வெள்ளைப் பொட்டுதான் வரும். ஜூம் செய்யாமல், போனை ஒரு ஸ்டாண்டில் கூட்டத்தின் பக்கம் திருப்பி வீடியோவில் வைத்துவிட்டு நீங்கள் வானத்தைப் பாருங்கள். வீட்டு ஆட்களின் முகமும் சத்தமும் பதிவாகும். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் இரவில் ஐஎஸ்ஓ 100, முக்காலி, இரண்டு மூன்று நிமிட நீண்ட எக்ஸ்போஷர் வைத்தால் முழு வளைவும் ஒரே படத்தில் வரும். டிரோன் பறக்கவிடவே கூடாது.

என்ன எடுத்துப் போவது?

கொசு மருந்து. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. ஆற்றங்கரைக் கொசுவும், கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சியும் அந்தி நேரத்தில் சும்மா விடாது. மடக்கு நாற்காலி, தண்ணீர், புளிசாதம். திரும்பும்போது உடனே கிளம்பாதீர்கள். கூட்டம் கலையும் வரை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாலும் நெடுஞ்சாலையை ஒரே நேரத்தில்தான் எட்டுவீர்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். வாலப்ஸ் பக்கம்தானே?

பக்கம்தான், ஆனால் இப்போதைக்கு அங்கிருந்து நிலையத்துக்குச் சரக்கு போவதில்லை. பழைய அன்டாரெஸின் முதல் அடுக்கு உக்ரைனில் தயாரானது, இன்ஜின் ரஷ்யாவிலிருந்து வந்தது. போர் தொடங்கியதும் இரண்டும் நின்றன. 2023 ஆகஸ்ட் 1-ல் கடைசியாகப் பறந்தது. புது அன்டாரெஸ் தயாராகும் வரை சிக்னஸ் புளோரிடாவுக்கு வந்து பால்கன் 9-ல் ஏறிக்கொள்கிறது. வாலப்ஸிலிருந்து 2020 அக்டோபர் 2 இரவு போன சிக்னஸுக்குக் கல்பனா சாவ்லாவின் பெயர் வைத்திருந்தார்கள். அது கொண்டுபோன முக்கியமான சரக்கு, நிலையத்துக்கான புதுக் கழிவறை.

அமெரிக்கா வரப்போவதில்லை. ஊரிலிருந்தே ஏதாவது பார்க்க முடியுமா?

நாசாவின் இலவச நேரடி ஒளிபரப்பு இருக்கிறது. லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம்: கிளம்பிய இருபது நிமிடம் வாக்கில் டிராகன் பிரிட்டன் பக்கம் வந்துவிடும். அங்கே இருட்டும் தெளிந்த வானமும் இருந்தால் வெறும் கண்ணுக்கே நகரும் புள்ளியாகத் தெரியும்.

சென்னையோ யாழ்ப்பாணமோ, நிலையம் இரண்டின் மேலும் பறக்கிறது. விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் அது வரும் நேரங்களை நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலி ஊர்ப்பெயரைக் கொடுத்தால் சொல்லும். டிராகன் போய்ச் சேர ஒரு நாள் போல ஆகும், சிக்னஸுக்கு இரண்டு நாள். சேர்வதற்கு முந்தைய கடப்பில் வெளியே வந்து பார்த்தால், வெள்ளிபோல் பளிச்சென்று போகும் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ மங்கலான இன்னொரு புள்ளியைப் பிடிக்க வாய்ப்பு உண்டு. நகர வெளிச்சத்தில் கஷ்டம்.

நேரக் கணக்கு: புளோரிடா நேரத்தோடு கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி கூட்டினால் இந்திய, இலங்கை நேரம். 2024 நவம்பர் 4 இரவு 9.29-க்குப் போன டிராகன் நமக்கு 5-ஆம் தேதி காலை 7.59. மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் இங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் கணக்கை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.